ரூபி ஆன் ரெயில்ஸும் ரிச் கிளையண்ட் செயலிகளும்: ஒரு மதிப்பீடு

ரூபி ஆன் ரெயில்ஸ் என்பது 2004ஆம் ஆண்டு டேவிட் ஹைனமையர் ஹான்சன் வெளியிட்ட வலைச் சட்டகம் ஆகும். பேஸ்கேம்ப் என்னும் திட்ட மேலாண்மைச் செயலியிலிருந்து இது பிரித்தெடுக்கப்பட்டது. பக்கத்தை வழங்கியிலேயே உருவாக்கி உலாவிக்கு அனுப்புவது இதன் இயல்பு. ரிச் கிளையண்ட் செயலியிலோ திரையை உருவாக்கும் வேலை உலாவியிடம் செல்கிறது. வழங்கி ஜேசான் வடிவில் தரவை மட்டும் தருகிறது. உலாவிப் பக்கத்து நிரலை எப்படிக் கையாள்வது என்பதில் ரெயில்ஸ் அடிக்கடி மனம் மாறியதே அதன் பெரிய குறை எனலாம்.

2011இல் வந்த 3.1 பதிப்பு காஃபிஸ்கிரிப்டையும் ஜேக்குவரியையும் இயல்பிருப்பாக்கியது. 2013இல் 4.0 டர்போலிங்க்ஸைச் சேர்த்தது. 2017இல் 5.1 ஜேக்குவரியைக் கைவிட்டு, வெப்பேக்கரை விருப்பத் தேர்வாகத் தந்தது, 2019இல் 6.0 அதையே இயல்பிருப்பாக்கியது. 2021 டிசம்பரில் 7.0 அதனையும் விட்டு, இம்போர்ட் மேப், ஹாட்வயர் ஆகியவற்றுக்கு மாறியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் மொழி வளர்ந்ததால் காஃபிஸ்கிரிப்டின் தேவை குறைந்தது. உலாவிகளே மாடியூல்களை ஏற்கத் தொடங்கியதால் கோப்புகளை ஒன்றாகக் கட்டும் கருவியின் தேவையும் குறைந்தது. ஆயினும் பழைய செயலிகளைப் பராமரிப்போர் ஒரே வேலையை மீண்டும் மீண்டும் செய்ய நேர்ந்தது.

இதிலிருந்து தப்ப, 2016இல் 5.0 பதிப்பில் வந்த ஏபிஐ முறையில் ரெயில்ஸை அமைத்து, ரியாக்டைத் தனிச் செயலியாக எழுதுவோர் பலர். கைபேசிச் செயலிக்கும் அதே தரவு தேவையெனில் இது பொருந்தும். ஆனால் சிறிய மாணவர் திட்டத்துக்கு இதன் விலை அதிகம். ஏபிஐ முறையில் குக்கி, செஷன் வசதிகள் இயல்பாக இரா. எனவே உள்நுழைவு டோக்கனைப் பலர் உலாவியின் லோக்கல் ஸ்டோரேஜில் வைக்கின்றனர். பக்கத்தில் புகும் தீய நிரல் எதுவும் அதைப் படித்துவிடும். இரு செயலிகளும் வெவ்வேறு போர்ட்டுகளில் இயங்குவதால் உலாவி கோரிக்கைகளைத் தடுக்கும்; அதைத் தீர்க்க எல்லாத் தளங்களுக்கும் அனுமதி தருவது தவறான குறுக்குவழி. உள்ளீட்டைச் சரிபார்க்கும் விதிகளையும் இரண்டு இடங்களில் எழுத வேண்டியிருக்கும்.

ஹாட்வயர் இச்சிக்கல்களைத் தவிர்க்கிறது. பட்டியல், படிவம், கருத்துரை போன்றவற்றுக்கு அது போதும். ஆனால் பெரும்பாலான மாற்றங்களுக்கு அது வழங்கியை நாடுவதால், வரைபலகை, விரிதாள், இணைப்பின்றி இயங்கும் செயலி ஆகியவற்றுக்குப் பொருந்தாது.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டு. ரெயில்ஸை முழுமையாக அமைத்து, தேவைப்படும் ஒரு பக்கத்தில் மட்டும் ரியாக்டை இணைக்கலாம். உள்நுழைவும் பாதுகாப்பும் ரெயில்ஸிடமே இருக்கும். கருவியைத் தேர்வதற்கு முன் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இணைப்பு அறுந்தாலும் இந்தத் திரை இயங்க வேண்டுமா, அல்லது விரல் அசைவுக்கு உடனுக்குடன் மாற வேண்டுமா? இரண்டும் இல்லையெனில், இரண்டு செயலிகளைக் கட்டுவது வீண் சுமையே.