ஒப்புரவு என்றொரு சொல்

கீழக்கரைச் சீதக்காதியைப் போற்றாத முஸ்லிம் தமிழ் மேடை இல்லை. உமறுப்புலவரை ஆதரித்த அப்பெருந்தகைக்கு 'வள்ளல்' என்னும் பட்டம் முற்றும் தகும். நாம் வருந்துவது வேறொன்றற்கு. நன்கொடைப் பலகையில் பெயர் பொறித்தவரெல்லாம் இன்று வள்ளலாகிவிட, வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்த 'ஒப்புரவு' நம் எழுத்தில் அருகிவிட்டது.

குறளில் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல், 23ஆவது ஈகை. இரண்டும் ஒன்றாயின் இரண்டு அதிகாரங்கள் எதற்கு? ஈகை வறியார்க்குக் கொடுப்பது. அங்கே ஏந்திய கையும் இரக்கும் முகமும் உண்டு. ஒப்புரவுக்கு அவர் காட்டும் உவமைகளோ மழை, ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம். ஊருணியில் நீர் முகப்பவள் எவரிடமும் இரப்பதில்லை. அதனை வள்ளுவர் கடப்பாடு என்றே சுட்டுகிறார். பரிமேலழகரோ உலகநடை அறிந்து ஒழுகுதலாகக் கொள்வார். அவ்வுரை சொல்லின் ஈரத்தைச் சற்றே உலர்த்திவிடுகிறது என்பது நம் கருத்து.

செல்வரின் பொருளில் கேட்போர்க்கும் இல்லாதார்க்கும் உரிமை உண்டு என்கிறது திருமறை. நோன்புப் பெருநாளை ஈகைத் திருநாள் என்கிறோம், இனிய பெயர்தான். ஆயினும் 40இல் ஒரு பங்கை ஜக்காத்தாக உரியவரிடம் சேர்ப்பவர் வள்ளலா, கடன் தீர்த்தவரா? ஒப்புரவு என்னும் சொல்லே இங்குப் பொருந்தும். வாங்குவோர் தலைகுனிய வேண்டியதில்லை.

காயல்பட்டினத்துக்கு வடக்கே, தாமிரவருணி கடல் சேரும் புன்னைக்காயலில் இச்சொல் இன்றும் வழங்குகிறது, பொருள்தான் வேறு. அங்குள்ள கத்தோலிக்கப் பரதவர்க்கு ஒப்புரவு என்பது பாவமன்னிப்புப் பெறும் அருட்சாதனம். பிரிந்தவர் இணங்குவதும், உடையவர் இல்லாதவரோடு நிகராவதும் 'ஒப்பு' என்னும் ஒரே வேரில் கிளைத்தவை அல்லவா?

அவ்வூரில் நெடுங்காலம் பணிபுரிந்த அண்டிறீக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. அவ்வச்சுப் பணிக்குப் பொருள் திரட்டித் தந்தோர் முத்துக்குளித்துறைப் பரதவர். கடலில் மூழ்கி ஈட்டிய காசு அது. அவர்களை நாம் வள்ளல்கள் என்று பாடுவதில்லை. இந்திய மண்ணில் அச்சான முதல் தமிழ் நூல் ஓர் ஊருணியிலிருந்து வந்தது என்போம்.

நம் சீறாப்புராணமும் ஒருவர் கொடையில் மட்டும் முற்றுப்பெற்றதன்று. சீதக்காதி மறைந்தபின் அப்பொறுப்பை ஏற்றவர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர். அவர் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பர்?