எண்ணும் கைகள்

ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் படிக்கும் பிள்ளைகள் முதலில் பழகுவது நிற்பதற்குத்தான். கழுவிய கையை முழங்கைக்கு மேலேயே ஏந்தி நிற்க வேண்டும். தண்ணீர் விரலுக்குத் திரும்பி வழியக் கூடாது. ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வெந்து வந்த பொட்டலத்தை, டேப்பில் கறுப்புக் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்தே பிரிப்பார்கள்.

எனக்குப் பிடித்தது அந்த எண்ணிக்கை. கத்தி வைக்கும் முன், வயிற்றை மூடும் முன், தோல் தைக்கும்போது என்று ரத்தம் ஒற்றும் மாப், காஸ், ஊசி எல்லாவற்றையும் இருவர் சேர்ந்து வாய்விட்டு எண்ணுவார்கள். ஒன்று குறைந்தாலும் தேடல்தான். எக்ஸ்ரேயில் தெரியும் இழையொன்று மாப்பில் இருப்பதே அதற்காகத்தான்.

“கவுன்ட் கரெக்ட்” என்ற குரல் மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்குக் கேட்பதில்லை. ஆனால், அவர் நிம்மதியாக வீடு திரும்புவதில் அந்தக் குரலுக்கும் பங்குண்டு.