இருவருக்கான இரவுக் குழம்பு

வீட்டில் இருவர் மட்டும் உண்ணும் இரவுச் சாப்பாட்டுக்குப் பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயம் இரண்டு கைப்பிடி போதும். செட்டிகுளம் வட்டாரத்தில் விளைவது. உரிப்பதை இருவரும் பகிர்ந்துகொண்டால் கண்ணீரும் சரிபாதி. நறுக்காமல் முழுதாகவே நல்லெண்ணெயில் வதக்கினால் காரம் அடங்கி இனிப்பு மேலெழும். அதன் பிறகே புளிக்கரைசல். எண்ணெய் பிரியும்வரை சுண்டவிட வேண்டும், அவசரப்பட்டால் பச்சை வாடை தங்கிவிடும்.

குறுந்தொகை 167ஆம் பாட்டில் கூடலூர் கிழார் காட்டும் இளம் மனைவியும் இப்படித்தான், தாளிப்புப் புகை கண்ணில் படியப் புளிப்புக் குழம்பு வைக்கிறாள். கணவன் ருசித்து உண்ண, அவள் முகம் மெல்ல மலர்கிறது.

பாயசத்துக்கு அரியலூர் மாவட்டத்து ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரி. 2001இல் பிரிந்து, 2002இல் சேர்ந்து, 2007இல் மறுபடி பிரிந்த பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் ஒரே இலையில் கூடிவிடும். மிச்சக் குழம்பு மறுநாள் இட்லிக்கு இன்னும் ருசி.