அணை வரிசையும் ஆற்று மணலும்

ஒரு தொழில்நுட்பம் காலந்தோறும் அடைந்த மாற்றங்களை மாதிரிகளாகச் செய்து வரிசையில் வைப்பது பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் ஊறிப்போன வழக்கம். திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் வட்டாரத்தில் இதற்குத் தோதான பொருள் காவிரி அணைகள்: கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணை, ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836–38இல் முக்கொம்பில் எழுப்பிய மேலணை, 1934இல் முடிந்த மேட்டூர் அணை. தெர்மாகோலில் மூன்று அணைகள், நீலச் சாயம் பூசிய ஆறு, ஆண்டு எழுதிய அட்டைகள், ஒப்பிக்கத் தயாராக நிற்கும் இரண்டு மாணவர்கள். இதுதான் வாடிக்கையான அமைப்பு.

இதனால் விளையும் நன்மை சிறிதல்ல. பாடநூலில் ஒரு வரியில் முடிந்துவிடும் கல்லணையை அட்டையில் வெட்ட உட்காரும் மாணவர், அது நேராகப் போகிறதா வளைந்து போகிறதா, நீர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தே ஆக வேண்டும். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவே தீவாக ஸ்ரீரங்கம் என்ற அமைப்பு, தினமும் பாலத்தைக் கடப்பவர்கள் பலருக்கே மனத்தில் பதிவதில்லை. மாதிரி செய்தவருக்கு அது மறக்காது. வந்து கேட்பவருக்குத் தன் பேச்சுத் தமிழிலேயே விளக்கும் துணிவும் சேர்ந்து வருகிறது.

குறைகள் அளவில் தொடங்குகின்றன. கல்லணை சுமார் 329 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 5.4 மீட்டர் உயரம் கொண்டது. முந்நூறில் ஒரு பங்காகச் சுருக்கினால் நீளம் ஒரு மீட்டரைத் தாண்டும். உயரமோ இரண்டு சென்டிமீட்டர்கூட வராது. அதே கணக்கில் 214 அடி உயர மேட்டூர் அணை சுமார் 22 சென்டிமீட்டர் உயர்ந்து, ஐந்து மீட்டருக்கு மேல் நீளும். ஆனால் கண்காட்சி மேசையில் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்பதால், ஆற்றின் குறுக்கே தாழ்வாகப் படுத்துக் கிடக்கும் கல்லணையின் இயல்பே மறைந்துபோகிறது. வேலையிலும் இரண்டும் வேறு. மேட்டூர் நீரைத் தேக்குகிறது. கல்லணை நீரைத் திருப்பிவிடுகிறது. தேக்கும் அணையைத் திருப்பும் அணையின் வளர்ந்த வடிவம்போல வைப்பது பிழை. மேட்டூரில் திறக்கும் நீர் இன்றும் கல்லணைக்கு வந்துதான் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிகிறது. புதியது வந்ததும் பழையது ஓய்வு பெற்ற கதை அல்ல இது.

இதைவிடப் பெரிய குறை, ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகவைத்த காரணம் வரிசையில் எங்குமே இல்லை என்பது. அந்தக் காரணம் மணல். கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, சரிவு மிகுந்தது. நீர் அந்தப் பக்கமே சாயும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி மணலால் மேடிட்டுத் தஞ்சைக்குப் போகும் நீர் குறைந்தது. காட்டன் 1830இல் கல்லணையில் மணற்போக்கி மதகுகளை அமைத்தார். பிறகு மேலே முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பை மறித்தார். ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையிடமிருந்தே கற்றதாக அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்த வித்தை பின்னர் கோதாவரியில் தவளேஸ்வரம்வரை போனது. மேலணையால் காவிரிக்கு நீர் கூடியபோது அதன் படுகை அரிக்கத் தொடங்கி, காவிரித் தலைப்பிலும் ஒரு தடுப்பு வேண்டியதாயிற்று. முன்னேற்றம் என்று மூன்று அட்டைகளில் எழுதப்படுவது, உண்மையில் ஒரு தீர்வு அடுத்த சிக்கலைப் பெற்றெடுத்த வரலாறு.

தெர்மாகோல் காட்டாத இதை ஒரு மரத்தட்டும் ஆற்று மணலும் காட்டிவிடும். மணலில் இரண்டு வாய்க்கால் பிரித்து, ஒன்றை விரற்கடை தாழ்த்தி, குழாய் நீரை விட்டால் தண்ணீர் முழுக்கத் தாழ்ந்த வாய்க்காலுக்கே ஓடும். அதன் வாயில் கற்களைப் போட்டால் அடியில் மணல் அரித்துக் கற்கள் அமிழும். மேலே மேலே போடப்போட ஒரு கட்டத்தில் நிற்கும். கல்லணை கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் முறையும் ஏறத்தாழ இதுதான். பிறகு அணைக்கு முன்னால் மணல் சேரும். அடியில் சிறு திறப்பு வைத்தால் அது நீரோடு வெளியேறும்.

மணல் தட்டுக்கும் வரம்பு உண்டு. அணையைச் சுருக்கலாம், மணற்பருக்கையைச் சுருக்க முடியாது. அதனால் அரிப்பின் வேகத்தை அளந்து காவிரிக்குப் பொருத்தக் கூடாது. நிறம் மங்கலானது, மேசை நனையும், சில நிமிடங்களில் வந்து போகும் நடுவரின் கண்ணை விளக்கு எரியும் அணை இழுப்பதுபோல் இது இழுக்காது. கடையில் ஆயத்தமாக வாங்கிய மாதிரியும் பெற்றோர் செய்து கொடுத்த மாதிரியும் பரிசு பெறுவதற்கு மதிப்பிடும் முறையே பெரிய காரணம். ஆண்டுதோறும் தூர்வாரும் உழைப்புக்கோ, ஊரார் கூடிச் செய்யும் குடிமராமத்துக்கோ இரு வகை மாதிரிகளிலும் இடம் கிடைப்பதில்லை.

வரிசை மாதிரியில் மேலணையின் கதை 1838இல் முடிந்துவிடுகிறது. ஆனால் 2018 ஆகஸ்ட் 22 இரவு வெள்ளத்தில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அருகிலேயே புதிய கதவணை கட்டப்பட்டது.