வரைகலையும் வழக்கும்
(மூப்படையாத வீடியோ விளையாட்டுகள் குறித்து ஓர் ஆய்வு)

1. தோற்றுவாய்

ஒரு கலைப்படைப்பு நெடுங்காலம் நிலைபெறுவதற்குக் காரணம் யாது என்னும் வினா இலக்கியத் திறனாய்வுக்குப் புதியது அன்று. அவ் வினாவை வீடியோ விளையாட்டு என்னும் இளைய கலையிடத்தும் எழுப்பலாம். இக் கலையில் கருவி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகின்றது, திரையின் படப்புள்ளிகள் பெருகுகின்றன, வண்ணங்கள் மிகுகின்றன. நேற்று வியந்து நோக்கப்பெற்ற காட்சி இன்று நகைப்பிற்கு இடமாகின்றது. ஆயினும், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் தோன்றிய சில விளையாட்டுகள் இன்றும் கண்ணுக்கு இனியனவாகவே உள்ளன. இளமை நினைவின் இனிமையே அவற்றை அழகியனவாகக் காட்டுகின்றது என்பாரும் உளர். அவர் கூற்று முற்றும் பொருந்தாது. அதே காலத்தில் அதே கருவியில் தோன்றிய வேறு பல விளையாட்டுகளை, அவற்றை ஆடி வளர்ந்தோரே இன்று பார்க்க விரும்புவதில்லை. ஆகவே பழமையும் கருவியும் அல்லாத பிறிதொரு காரணம் உண்டு என்பது பெறப்படும். அதனை ஆராய்வதே இக் கட்டுரையின் நோக்கம்.

2. இருவகை வழக்கு

இவ் ஆராய்ச்சிக்கு வேண்டிய அளவுகோலைத் தொல்காப்பியம் தருகின்றது. அகப்பாடலுக்குரிய நெறியைக் கூறுமிடத்து, நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டனையும் தழுவியெழுவது புலனெறி வழக்கம் என்று ஆசிரியர் வகுப்பர். சுவை பயக்கும் பொருள்களை ஒருங்கு தொகுத்துக் காட்டுவது நாடக வழக்கு. உலகத்தார் ஒழுகலாற்றோடு ஒத்து வருவது உலகியல் வழக்கு. குறிஞ்சித் திணையில் மலையும் கூதிரும் யாமமும் புணர்ச்சியும் ஒன்றுகூடி நிற்பதை உலகில் அவ்வாறே காண்பது அரிது. எனினும் அதனைப் பொய் என்று எவரும் தள்ளுவதில்லை. ஏனெனில் அவ் அமைப்பினுள் நிகழும் காதலும் கலக்கமும் உலகியலின.

திரையில் எழும் காட்சியும் இவ்வாறே இரு வகையால் அமைகின்றது. உள்ளதை உள்ளவாறு காட்ட முயல்வது ஒன்று. வேண்டுவதைத் தேர்ந்து ஒரு நெறிக்கு உட்படுத்திக் காட்டுவது மற்றொன்று. முன்னதை மட்டும் நம்பிய விளையாட்டு, அதனினும் நுண்ணிதாகக் காட்டவல்ல கருவி தோன்றிய அன்றே தோற்றுவிடுகின்றது. பின்னதன் துணையுடையது தன் நெறியாலேயே அளக்கப்படுவதால் நிலைக்கின்றது என்பது எம் துணிபு.

3. புள்ளியும் உருவும்

1990-களில், தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடும் மலிவு விலைக் கருவிகளின் வழியே நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அறிந்த விளையாட்டு ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’. ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனம் 1985-இல் இதனை வெளியிட்டது. இதன் தலைவனான மாரியோவின் சிற்றுருவம் அகலத்திலும் உயரத்திலும் 16 படப்புள்ளிகளுக்கு உட்பட்டது; அதற்கு வாய்த்த வண்ணங்கள் மூன்றே. மாரியோவை முதன்முதலாக 1981-இல் ‘டாங்கி காங்’ விளையாட்டிற்காக ஷிகெரு மியாமோட்டோ வரைந்தபோது, தலைமயிரை வரைதல் அரிதாதலின் தொப்பி அணிவித்தார். வாயை வரைதல் அரிதாதலின் மீசை வைத்தார். குறையை மறைக்க வந்தவை அடையாளங்களாக நிலைத்தன. 1985-ஆம் ஆண்டு விளையாட்டில் வானத்து மேகமும் தரையின் புதரும் ஒரே வடிவம். வெண்மையும் பசுமையுமே வேறுபாடு. காண்போர் இதனை ஏமாற்று என்று கருதுவதில்லை. ஒரே அடை பல பெயர்களைச் சார்ந்து பயிலும் பழம்பாடலின் சிக்கனம் போன்றது இது.

பூரணாங்குப்பம் போன்ற புதுவைச் சிற்றூர்களில் மார்கழி விடியலில் வாயில்தோறும் விளங்கும் புள்ளிக் கோலங்களை ஈண்டு ஒப்புநோக்கலாம். புள்ளி எல்லையை வகுக்கின்றது; கோடு அவ் எல்லைக்குள் உருவைத் தேர்கின்றது. கோலத்துக் கிளி மரத்துக் கிளி போல் இல்லையே என்று குறை கூறுவார் இல்லை. கோலத்திற்கும் கணினி வரைகலைக்கும் உள்ள இவ் உறவு கற்பனையால் புனைந்ததன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணியும் இராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனுடன் இணைந்து, கோலங்களின் அமைப்பை இலக்கண விதிகளாக வகுத்து, கணினி வரைகலைக்குரிய ஆய்விதழ் ஒன்றில் 1974-இலேயே வெளியிட்டனர். விதி இருப்பதாலேயே கோலம் அழகு பெறுகின்றது. அவ் விதியை மதிப்பவை பழைய விளையாட்டுகளுள் சிறந்தவை.

4. பாரசீக இளவரசன்

இரு வழக்கும் இணைந்ததற்குத் தக்க சான்று, அமெரிக்கரான ஜோர்டான் மெக்னர் ஆப்பிள் 2 கணினிக்காக உருவாக்கி 1989-இல் வெளிவந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’. மெக்னர் தம் தம்பி டேவிட் ஓடுவதையும் தாவுவதையும் 1985-இல் வீடியோவில் பதிவு செய்து, அப் படங்களைப் பின்பற்றி இளவரசனின் அசைவுகளை வரைந்தார். வாட்போருக்கு 1938-இல் வெளிவந்த ராபின் ஹூட் திரைப்படத்தின் காட்சி உதவிற்று. ஆகவே அசைவு முழுதும் உலகியல். ஓடுவோன் நிற்க முயலும்போது கால் சறுக்குவதும், விளிம்பைப் பற்றியவன் உடல் கனத்தோடு தொங்குவதும் மெய்யுடலின் இயல்புகள். ஆனால் அவ் உடலுக்கு முகவிவரம் இல்லை. வெள்ளுடை ஒன்றே உண்டு. இருண்ட சிறைக்கூடம், எரியும் தீவட்டி, வெண்ணிற உரு என்னும் மூன்றுமே காட்சி. இது நாடக வழக்கு.

கணினியின் நினைவகம் நிரம்பியமையால் புதிய பகைவன் ஒருவனை வரைய இடமில்லாதுபோயிற்று. மெக்னர் இளவரசனின் படங்களையே சிறிது இடம்பெயர்த்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, மின்னும் நிழலுரு ஒன்றைப் பெற்றார். கண்ணாடியிலிருந்து வெளிப்படும் அந் நிழல் இளவரசனின் எதிரியாகின்றது. இறுதியில் வாளை உறையிலிட்டு அதனோடு ஒன்றாதலே வெற்றிக்கு வழி. தன்னைத் தானே வெல்லுதல் என்னும் பெரும்பொருள், வறுமையுற்ற வரைகலையிலிருந்து பிறந்தது. இதனினும் பல்லாயிரம் மடங்கு வளமுடைய கருவியிலும் இக் காட்சியைச் சிறப்பித்தல் எளிதன்று.

5. காலத்தின் தீர்ப்பு

நிண்டெண்டோ நிறுவனம் 2000-ஆம் ஆண்டுக் கண்காட்சியில் ‘செல்டா’ வரிசையின் வீரனை மெய்யுருவை ஒட்டிய தோற்றத்தில் காட்டியது. அடுத்த ஆண்டு அதே வரிசையில் வரவிருந்த ‘தி விண்ட் வேக்கர்’ விளையாட்டைக் கேலிச்சித்திர வடிவில் காட்டியபோது, இது சிறுவர்க்குரியது என்ற ஏளனம் எழுந்தது. 2002-இல் வெளிவந்த அவ் விளையாட்டு, கடலலையைச் சில வெண்கோடுகளாலும் புகையைச் சுருள்களாலும் காட்டுகின்றது. அக்காலத்து மெய்ம்மைப் படைப்புகள் பலவற்றின் முகங்கள் மெழுகுப் பொம்மையாகத் தோன்றும் இந் நாளில், அவ் வெண்கோடுகள் அலையாகவே தோன்றுகின்றன.

2006-இல் வெளிவந்த ‘ஓகாமி’யும் இவ் வகையினது. ஹிதெகி காமியா இயக்கிய இவ் விளையாட்டு மெய்ம்மைத் தோற்றத்தோடுதான் தொடங்கப்பெற்றது. அச் சுமையைக் கருவி தாங்காமையால், ஜப்பானிய மைத்தூரிகை ஓவிய நெறிக்கு மாறிற்று. பின்னர் ஆடுவோனின் செயலும் தூரிகைக் கோடாயிற்று. காட்சியும் செயலும் ஒரே வழக்கினுள் அடங்கினமையின் இதன் அழகு புறப்பூச்சாக நில்லாது, பொருளோடு ஒன்றியது.

6. தடையும் விடையும்

மெய்ம்மையை நாடிய விளையாட்டுகளுள்ளும் இன்றும் அழகியன உளவே என்று தடை எழுப்பலாம். 2004-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ‘ஹாஃப்-லைஃப் 2’ அத்தகையது. இத் தடை ஏற்கத்தக்கதே. ஆயின் எம் துணிபை அழிப்பது அன்று. அதன் நகரை வடிவமைத்த விக்டர் அன்டோனோவ் பல்கேரியத் தலைநகர் சோபியாவில் வளர்ந்தவர். மங்கிய ஒளி, உரிந்த சுவர், ஆளற்ற தெரு, அனைத்திற்கும் மேலாக ஓங்கி நிற்கும் பகைவர் கோபுரம் எனத் தேர்ந்தெடுத்த சிலவற்றால் அடிமைப்பட்ட நகரின் துயர் புலப்படுத்தப்பெறுகின்றது. உலகியலிலிருந்து கொண்டவற்றை ஒரு சுவை நோக்கித் தொகுத்தலே நாடக வழக்கு. ஆகவே மெய்ம்மை நெறியும் தேர்ச்சியுடையதாயின் நிலைக்கும்.

7. மூலமும் மறுவாக்கமும்

இவ் ஆராய்ச்சி இந் நாட்டு இளைஞரின் உழைப்பையும் தொட்டு நிற்கின்றது. பாரசீக இளவரசன் வரிசையில் 2003-இல் மான்ட்ரியலில் உருவான ‘தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ விளையாட்டின் மறுவாக்கப் பணி, யூபிசாஃப்ட் நிறுவனத்தின் புனே, மும்பைக் கூடங்களில் நடைபெற்றது. 2020 செப்டம்பரில் அதன் முன்னோட்டம் வெளியானபோது, காட்சித் தரம் காலத்திற்கு ஏற்றதாக இல்லை என்ற குறை பரவலாக எழுந்தது. வெளியீடு தள்ளிப்போயிற்று, 2022-இல் பணி மான்ட்ரியலுக்கே மாற்றப்பெற்றது. இதனை இந்தியக் கலைஞரின் ஆற்றற்குறை என்று கொள்வது பிழை. மூலத்தின் காட்சிகளில் ஒரு பொன்மூட்டம் படர்ந்திருந்தது. இளவரசன் தன் கதையைத் தானே கூறுவதாக அமைந்த அவ் விளையாட்டில், ஆடுவோன் தவறி வீழ்ந்தால் ‘அவ்வாறு நிகழவில்லை’ என்னும் கருத்துப்படக் கதைசொல்லி திருத்துவான். நினைவாக விரியும் கதைக்கு மூட்டமே தக்க ஒளி. படப்புள்ளிகளைப் பெருக்குவதால் மட்டும் அவ் ஒளியைப் பெற இயலாது.

இதற்கு மறுதலையாக, பிரான்சு நாட்டு எரிக் ஷாயி 1991-இல் வெளியிட்ட ‘அனதர் வேர்ல்ட்’ விளையாட்டைக் கூறலாம். அதன் உருவங்கள் தட்டையான பலகோண வடிவங்களால் ஆயவை. 2006-இல் ஆசிரியரே புதுப்பதிப்பு வெளியிட்டபோது, அவ் வடிவங்கள் பெரிய திரையில் கூர்மை பெற்றன, வழக்குக் குலையவில்லை. புனேயிலுள்ள நாடிங் ஹெட்ஸ் நிறுவனத்தார் 2020-இல் வெளியிட்ட ‘ராஜி’ விளையாட்டில், முற்கதைகள் நிழற்பாவைக் கூத்தாக அமைக்கப்பெற்றுள்ளமையும் நோக்கத்தக்கது. தமக்குரிய வழக்கை நாடிய நம்மவர்க்கு அது நல்ல வழி.

மூலத்தைக் காண்பதிலும் பாட ஆராய்ச்சி வேண்டும். பழைய காட்சிகள் படக்குழாய்த் தொலைக்காட்சிக்காக வரையப்பெற்றவை. 1991-இல் வந்த ‘சோனிக்’ விளையாட்டின் அருவியில் உள்ள நெடுங்கோடுகள் அத் திரையில் ஒன்றோடொன்று கலந்து, நீரின் ஊடே பின்னுள்ளவை தெரியுமாறு தோன்றின. இன்றைய தட்டைத் திரையில் அவை வெறும் கோடுகளாகப் பிரிந்து நிற்கின்றன. இதனை மட்டும் கண்டு பழமையைப் பழித்தல், ஏட்டின் பிழையைப் புலவன்மேல் ஏற்றுவதை ஒக்கும். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த பழைய விளையாட்டுகளுள் நூற்றுக்கு 87 இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளையின் 2023-ஆம் ஆண்டு ஆய்வு கூறுகின்றது. ஏடுகள் அழிந்ததன் இழப்பை உணர்ந்த தமிழர்க்கு இச் செய்தியின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், விளையாட்டின் காட்சியழகு கருவியின் ஆற்றலைப் பொறுத்ததன்று என்பதும், உலகியலிலிருந்து கொள்ள வேண்டுவதைக் கொண்டு, தள்ள வேண்டுவதைத் தள்ளி, ஒரு சுவைக்கு ஏற்ப அமைத்த வழக்கே அதனை மூப்படையாது காக்கின்றது என்பதும் புலனாகும். பழையவற்றை மறுவாக்கம் செய்வோர் முதற்கண் மூலத்தின் வழக்கு யாது எனத் தெளிதல் வேண்டும். புதியன படைப்போர் தமக்குரிய வழக்கைத் தேர்தல் வேண்டும். செய்யுளுக்கு வகுக்கப்பெற்ற நெறியொன்று இவ் இளைய கலைக்கும் பொருந்துதல், தமிழ்த் திறனாய்வாளர் இத் துறையிலும் புகுதற்கு இடம் உண்டு என்பதைக் காட்டும்.