ஸ்கோர்போர்டில் பேர் வராத ஆட்டக்காரர்

கபடியில் ரைடர் எடுத்த புள்ளி மறுநாள் பேப்பரில் வந்துவிடும். கார்னர் காலைப் பிடித்த கணத்தில் ஓடிவந்து அமுக்கிய கவர் ஆட்டக்காரரின் பேர் பெரும்பாலும் வராது. அவர் அரை நொடி பிந்தியிருந்தால் ரைடர் கோட்டைத் தொட்டிருப்பார். பாட்டு உலகத்திலும் இப்படி ஒரு கவர் ஆட்டக்காரர் உண்டு. சிந்தசைசர் புரோகிராமர்.

திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் ஊர்ப்பொங்கல் என்றால் ரேடியோ செட் கட்டாமல் தொடங்காது. குழாயில் பாட்டு வந்ததும் பாடியவர் யார், இசை யார் என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். அந்தப் பாட்டில் அதிரும் 'டும்'முக்கு ஒலியைச் செதுக்கியவர் யார், அது எந்த இமைப்பில் விழவேண்டும் என்று எண் போட்டவர் யார் என்று கேட்டால் கூட்டத்தில் பதில் இருக்காது. இந்த வார அலசல் அவருக்கு.

இந்த ஆட்டத்தின் சீனியர் ஜப்பானின் ஹிடெகி மட்சுடகே. 1951இல் பிறந்தவர். சிந்தசைசர் மேதை இசாவோ தோமிதாவிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றார். 1978இல் தொடங்கிய எல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா குழுவில் இசைஞர்கள் மூன்று பேர். ரசிகர்கள் நான்காவது ஆள் என்று சொன்னது இவரைத்தான். மேடையில் பீரோ அளவு மூக் சிந்தசைசருக்குப் பக்கத்தில் நிற்பார். ரோலண்ட் நிறுவனம் 1977இல் கொண்டுவந்த எம்சி-8 கருவியில், ஒவ்வொரு சுரத்தின் உயரம், அடுத்த சுரம்வரை உள்ள நேரம், அது ஒலிக்கும் நீளம் மூன்றையும் எண்களாக உள்ளிடுவது அவர் வேலை. ஒரு பாட்டுக்கு ஆயிரக்கணக்கில் எண்கள்.

கணக்குப் போட்டால் போதுமே, இதில் திறமை எங்கே என்று கேட்கலாம். அங்கேதான் ஆட்டமே இருக்கிறது. ஒரு தாள அடியை 48 பங்காகப் பிரித்து, 24, 24 என்று சரிபாதியாகப் போட்டால் அது கடிகாரம். 26, 22 என்று போட்டுப் பாருங்கள். தாளம் லேசாகச் சாய்ந்து நடக்கும். இரண்டு பங்கு நகர்த்தல் எங்கே வேண்டும், எங்கே கூடாது என்று முடிவெடுப்பது காது. நையாண்டி மேளத்துக்குக் கும்மி கொட்டிப் பழகிய நம் ஊர்க் கூட்டத்துக்கு இந்தச் சாய்வு பிறவியிலேயே தெரியும். அது இல்லாத பாட்டுக்குக் கால் எழும்பாது.

இதே வேலை நடந்த வீடியோ கேம் பக்கம் வருவோம். எல்லோ மேஜிக் குழுவின் முதல் ஆல்பத்திலேயே கேம் மெஷின் சத்தங்களைப் போலச் செய்த பகுதி உண்டு. அதே குழுவின் ஹருவோமி ஹொசோனோ 1984இல் நாம்கோ கேம்களின் இசையைத் தனி ஆல்பமாகக் கொண்டுவந்தார். அந்த ஆண்டுதான் யமஹாவின் ஒய்எம்2151 என்ற ஒலிச் சில்லு ஆர்கேட் மெஷின்களுக்குள் நுழைந்தது. ஒரே சமயத்தில் எட்டுக் குரல், அவ்வளவுதான். கார் ஓடும் அவுட்ரன், ஆர்கேட் காண்ட்ரா எல்லாம் இந்தச் சில்லில் ஒலித்தவை. நம் பிள்ளைகள் டிவியில் கேசட் சொருகி ஆடிய காண்ட்ராவுக்கு அதுவும் இல்லை, ஐந்தே தடம். ஆளைக் குறைத்துக் களத்தில் இறக்கினாலும் பாட்டு மனதில் ஒட்டியது என்றால், அது புரோகிராமரின் வெற்றி.

அந்த யமஹா சில்லுக்குத் தமிழ்நாட்டிலும் ஓர் ஆட்டம் உண்டு. 1986, 'புன்னகை மன்னன்'. இளையராஜா அதன் தீம் இசைக்கு யமஹா சிஎக்ஸ்5எம் என்ற இசைக் கணினியைப் பயன்படுத்தினார். கேம் கார்ட்ரிட்ஜ் போட்டால் கேம் ஆடும் எம்எஸ்எக்ஸ் வகைக் கணினி அது. உள்ளே இருந்தது அந்த எட்டுக் குரல் சில்லு. அப்போது திலீப் என்ற பெயரில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த ஏ.ஆர்.ரஹ்மானுக்கும் அந்த வேலையில் பங்கு உண்டு. வயது 19.

அந்த ஆட்டத்தின் பலம், தாளம் ஒரு மயிரிழை பிசகாமல் ஓடும் வேகம். பலவீனம், ஒலியில் இருக்கும் தகர வாடை. அது சில்லின் குறை. ராஜா அதைத் தீம் இசையின் துள்ளலுக்குப் பயன்படுத்தி, குறையையே குணமாக்கினார்.

ஆறு ஆண்டு கழித்து, 1992இல் 'ரோஜா'. புரோகிராமராக இருந்த ரஹ்மானே இப்போது கேப்டன். அடித்தளத்தை மெஷினில் கட்டி, அதன்மேல் புல்லாங்குழலையும் மனிதக் குரலையும் உலவவிட்டார். 24, 24 எங்கே, 26, 22 எங்கே என்று இரண்டையும் தெரிந்துவைத்திருந்த ஆட்டம் அது. முதல் படத்துக்கே தேசிய விருது கிடைத்ததை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள், அதற்கு முன் விளம்பரப் படங்களிலும் மற்றவர் இசையிலும் ஆடிய பயிற்சி ஆட்டங்களைக் கணக்கில் எடுக்கவில்லை.

என் தீர்ப்பு இதுதான். மெஷினைத் துல்லியமாக ஓட்டுபவர் நல்ல புரோகிராமர். எங்கே துல்லியத்தை விட்டுக்கொடுக்கவேண்டும் என்று தெரிந்தவர் பெரிய புரோகிராமர். மட்சுடகேயும் ரஹ்மானும் இரண்டாவது வரிசை.

ஜப்பானில் சிந்தசைசர் புரோகிராமர்களுக்கென்று தனிச் சங்கம் இருக்கிறது; அதை முன்னின்று நடத்தியவர்களில் மட்சுடகே ஒருவர். இங்கே ரஹ்மான் தன் ஆல்ப உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பேரை அச்சிட்டு ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். உறைகள் போய்ப் போனுக்குள் பாட்டு வந்தபின் அந்தப் பேர்கள் மறுபடி ஒளிந்துகொண்டன. பாட்டு வெளியிடும் நிறுவனங்கள் பாடகர் பேருக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்த்தால் போதும். செலவில்லாத வேலை அது, செய்யுங்கள்.