எண்ணைச் சொன்னால் வரும் வரிசை

மார்கழி 27 என்றால், மகாராஜபுரமானாலும் ஸ்ரீவில்லிபுத்தூரானாலும், திருப்பாவை ஓதும் வீடுகளில் கூடாரவல்லி. அக்காரவடிசில் வாசனை வந்துவிடும். 27-ஆம் பாசுரத்தைச் சொல்ல முந்தைய 26-ஐயும் யாரும் பாடித் தீர்ப்பதில்லை. தேதியைக் கொடுத்தால் பாசுரம் கிடைக்கிறது. கேட்கும்போது மட்டும் உறுப்பைக் கணக்கிட்டுத் தரும் வரிசையை நிரலாளர்கள் லேசி சீக்வென்ஸ் என்கிறார்கள். அதை ரசிக்க இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

பைத்தான் 3 நிரல்மொழியைத் திறந்து, எண்வரிசை தரும் ரேஞ்சிடம் ஒரு லட்சம் கோடி எண்கள் கேளுங்கள். கணினி திணறாது. கடைசி எண் எது என்றால் உடனே சொல்லும். அது எதையும் அடுக்கி வைக்கவில்லை. தொடக்கம், முடிவு, இடைவெளி மூன்றையும் வைத்துக்கொண்டு, கேட்ட இடத்துக்கு ஒரு பெருக்கல், ஒரு கூட்டல் போடுகிறது. பைத்தான் 2-இல் இதே ரேஞ்ச் முழுப் பட்டியலையும் நினைவகத்தில் கொட்ட முயலும்.

உண்மையான அழகு இதற்கு மேல்தான். வரிசையைத் தலைகீழாக்க எதையும் புரட்ட வேண்டாம்: முதலாவதைக் கேட்டால் கடைசியைக் கொடு, இரண்டாவதைக் கேட்டால் அதற்கு முந்தையதைக் கொடு. ஒன்றுவிட்டு ஒன்று வேண்டுமா? வந்த எண்ணை இரட்டிப்பாக்கி மூல வரிசையிடம் கேள். இப்படி ஒரு சார்பின் மேல் இன்னொன்றாக ஏற்றிக்கொண்டே போகலாம். இடம் மாறுவது எண் மட்டுமே, சரக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கணக்கு புதிதாக நடக்கும். கனமான கணக்கென்றால் விடையைக் குறித்து வைப்பதே நல்லது. எல்லையையும் சொல்லிவிட வேண்டும்: மார்கழிக்கு 29 நாளே வரும் ஆண்டிலும் பாசுரம் 30தான்.

என் மனம் அதிகம் தங்குவது வாக்கியப் பஞ்சாங்கத்தில். சந்திரன் நிற்கும் இடத்தை நாளுக்கு ஒன்றாகச் சொல்ல 248 வாக்கியங்கள். ஒவ்வொன்றின் எழுத்துகளிலும் எண்கள் ஒளிந்திருக்கும். ஏன் 248? பூமிக்கு மிக அருகில் வந்த சந்திரன் மறுபடி அப்படி வரும் சுற்று ஒன்பது முடிய ஏறக்குறைய அத்தனை நாள். கலியுகம் தொடங்கி இன்றுவரை ஓடிய லட்சக்கணக்கான நாள்களிலிருந்து 1600984, 12372, 3031, 248 என்று பெரிய சுற்றுகளை ஒவ்வொன்றாகக் கழிப்பார்கள். கழித்த ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு திருத்தம் சேரும். கடைசியில் எஞ்சும் எண்தான் வாக்கியத்தின் எண். முடிவில்லாத நாள்வரிசை 248 சொற்றொடர்களில் அடங்கிவிட்டது!

புதுச்சேரியில் வானியலாளர் ஜான் வாரன் சந்தித்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், தரையில் சோழிகளை வைத்து, இப்படிப்பட்ட மனப்பாடச் சொற்களை மட்டும் நம்பி, 1825 மே 31 இரவின் சந்திரகிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52.